துளை போடாத பை

1940இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பெனிசிலின் பூஞ்சையை வளர்க்கப் பாத்திரம் தேடி அலைந்தார்கள். போர்க்காலம், நினைத்ததை வாங்க முடியாது. தகர டப்பா, பால் கேன் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் வளர்த்துப் பார்த்த நார்மன் ஹீட்லிக்கு, எல்லாவற்றையும்விட ஆஸ்பத்திரி பெட்பேன்தான் வாகாக அமைந்தது. அதே வடிவத்தைக் கொஞ்சம் திருத்திப் பீங்கானில் செய்யச் சொல்லி, இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழில் ஊரான பர்ஸ்லெமுக்கு வரைபடம் அனுப்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் பாத்திரங்கள் வந்து சேர்ந்தன. ஆக்ஸ்போர்டின் முதல் பெனிசிலின் நோயாளிக்கான மருந்து அவற்றில் விளைந்ததுதான்.

பெட்பேன் ஏன் பொருந்தியது? பூஞ்சைக்குக் காற்று வேண்டும். அகன்ற, ஆழமில்லாத பாத்திரத்தில் திரவத்தின் மேற்பரப்பு முழுவதும் காற்றைத் தொடும். ஆனால் அந்தக் காற்றோடு வேறொரு கிருமி உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாம் பாழ். காற்றுக்குத் திறக்க வேண்டும், கிருமிக்கு மூட வேண்டும். நுண்ணுயிரையோ செல்லையோ வளர்த்து மருந்து எடுக்கும் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் அந்தத் தொழிலின் எவர்சில்வர் தொட்டிகளைப் பிளாஸ்டிக் பை இடம்பெயர்த்த கதையும் இதே இழுபறியின் கதைதான். பை செய்வது சுலபமாக இருந்தது. பையில் துளை போடாமல் உள்ளே இருப்பதைக் கலக்குவதும், துளை போடாமல் உள்ளே நடப்பதை அளப்பதும்தான் பொறியாளர்களுக்குப் பல ஆண்டு வேலையாகிவிட்டது.

ஆக்ஸ்போர்டின் பாத்திரங்கள் ஆய்வகத்துக்குப் போதும், போர்முனைக்குப் போதாது. அமெரிக்காவில் ஃபைசர் நிறுவனம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலையை வாங்கி, 1944 மார்ச் 1 அன்று அதில் பெனிசிலின் உற்பத்தியைத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 7,500 காலன் கொள்ளும் 14 தொட்டிகள்; நம் கணக்கில் தொட்டிக்குச் சுமார் 28,000 லிட்டர். பூஞ்சை இப்போது மேற்பரப்பில் அல்ல, ஆழத்தில் வளர்ந்தது. காற்றைக் கீழிருந்து குமிழியாகச் செலுத்தி, நடுவில் ஒரு தண்டை இறக்கி, அதன் சுழல் தகடுகளால் குமிழிகளை உடைத்துக் கலக்கினார்கள்.

அந்தத் தண்டுதான் பின்னால் வந்த சிக்கல்களுக்கெல்லாம் மூலம். மோட்டார் வெளியே இருக்கிறது, தகடு உள்ளே இருக்கிறது. தண்டு தொட்டியின் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். சுழல்கிற தண்டுக்கும் அசையாத சுவருக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது கிருமிக்கு ராஜபாட்டை. அதை அடைக்க மெக்கானிக்கல் சீல், சீலுக்கு நீராவிக் காப்பு, அதைக் கவனிக்க ஆள் என்று செலவு கிளைத்துக்கொண்டே போனது.

பூஞ்சையும் பாக்டீரியாவும் முரட்டுப் பிறவிகள். எதையும் தாங்கும், வேகமாகப் பெருகும். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மரபணுப் பொறியியல் மருந்தான மனித இன்சுலின் எ.கோலி பாக்டீரியாவில் விளைந்தது. ஆனால் 1987இல் ரத்தக் கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. மருந்து வந்தபோது அதை உற்பத்தி செய்தது பாக்டீரியா அல்ல. சீன ஹாம்ஸ்டர் என்ற எலியினத்தின் சூலகச் செல். பெரிய, சிக்கலான புரதங்களைச் சரியாக மடித்துத் தர விலங்குச் செல்லால்தான் முடிந்தது. அந்தச் செல்லுக்கோ கடினமான வெளிச்சுவர் கிடையாது. வேகமாகக் கலக்கினால் சிதையும். மேலே வந்து வெடிக்கும் காற்றுக் குமிழியின் அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். நல்ல சூழலில் எ.கோலி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இந்தச் செல்லுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். ஆகவே ஒரு முறை உற்பத்தி இரண்டு வாரம்வரை நீளும். முதல் நாளில் ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே விழுந்தால் போதும், மறுநாளே தொட்டி அதன் வசம்.

எனவே எவர்சில்வர் தொட்டிகளைச் சுற்றி ஒரு சுத்திகரிப்பு நகரமே எழுந்தது. ஒவ்வொரு உற்பத்தி முடிந்ததும் காரக் கரைசலால் கழுவி, அமிலத்தால் அலசி, ஊசி மருந்துக்கான தூய நீரால் மீண்டும் அலசி, 121 டிகிரி நீராவியில் குழாய் முழுக்க வேகவைக்க வேண்டும். சுத்தம் செய்தால் மட்டும் போதாது. செய்ததற்குத் தாளில் சாட்சி வேண்டும். நேற்று செய்த மருந்தின் துளி இன்றைய மருந்தில் இல்லை என்று பஞ்சால் துடைத்து, சோதித்து, கையெழுத்திட வேண்டும். தூய நீர் தயாரிக்க ஒரு கூடம், நீராவிக்கு ஒரு கூடம், கழிவைச் சமன்செய்ய ஒன்று. இப்படி ஒரு ஆலையைக் கட்டி முடித்து அனுமதி வாங்கச் சில ஆண்டுகள், பல கோடி டாலர். மருந்து மனிதப் பரிசோதனையில் தேறுமா என்று தெரிவதற்கு முன்பே ஆலையைக் கட்டத் தொடங்க வேண்டும் என்பதுதான் இதில் கொடுமை. மருந்து தோற்றால் எவர்சில்வர் காடு சும்மா நிற்கும்.

மாற்று வழி வேறொரு துறையில் ஏற்கனவே இருந்தது. 1950 வாக்கில் ஹார்வர்டு அறுவை மருத்துவர் கார்ல் வால்டரும் சக மருத்துவர் வில்லியம் மர்ஃபியும் ரத்தம் சேமிக்கும் கண்ணாடி பாட்டிலுக்குப் பதிலாக பி.வி.சி. பையைக் கொண்டுவந்தார்கள். உடையாது, மடிக்கலாம், காற்றுப் புகாமல் ரத்தத்தை இழுக்கலாம். கொரியப் போரில் அதன் அருமை தெரிந்தது. உயிருள்ள செல்கள் பிளாஸ்டிக் பைக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய நிரூபணம் தேவையில்லை. 1963இல் ஸ்வீடனின் கார்ல்-யோரான் ஹெடேனும் ஒரு சகாவும், ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடும் குலுக்குக் குடுவைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். பிறகு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஹைக்ளோன், பிரான்ஸின் ஒபாஞ் நகரில் ஸ்டெடிம் போன்ற நிறுவனங்கள் சீரத்தையும் செல் வளர்ப்புத் திரவங்களையும் பைகளில் அடைத்து விற்கலாயின. பை கோபால்ட்-60இன் காமா கதிர் பட்டு, கிருமி நீங்கியே வரும். பிரித்தால் வேலைக்குத் தயார்.

ஆனால் அந்தப் பைகள் வெறும் கொள்கலன்கள். உள்ளே செல் வளர வேண்டுமென்றால் கலக்க வேண்டும், காற்றூட்ட வேண்டும், அளக்க வேண்டும். அங்கேதான் மறுபடியும் தண்டு, மறுபடியும் துளை.

துளையே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஷெரிங்-பிளவ் மருந்து நிறுவனத்தில் இருந்த விஜய் சிங். பையின் உள்ளே எதையும் வைக்காமல் பையையே அசைத்தார் அவர். பாதிக்குமேல் காற்றும் மீதி திரவமுமாக ஊதிய பையை ஒரு மேடையில் படுக்கவைத்து, அந்த மேடையைச் சீசா பலகைபோல் மெல்ல இருபக்கமும் சாய்த்தார். திரவம் அலையாகப் புரண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்தது. அலை புரளும்போது அடியில் இருப்பது மேலே வரும். செல்கள் தரையில் படியாது. ஒவ்வொரு புரளலிலும் புதிய மேற்பரப்பு காற்றைத் தொட்டு ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். குமிழி இல்லை, எனவே குமிழி வெடிப்பும் இல்லை. சுழல் தகடு இல்லை, எனவே செல் சிதைவதும் குறைவு. ஹீட்லியின் பெட்பேன் கொடுத்த அகன்ற மேற்பரப்பை, இவர் அலையால் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார்.

1999இல் சைட்டோடெக்னாலஜி இதழில் வெளியான கட்டுரையில், நூறு லிட்டர் அளவுவரை இந்தப் பையில் செல் வளர்த்ததற்கான முடிவுகளை அவர் வெளியிட்டார். விலங்குச் செல், மனிதச் சிறுநீரகச் செல், பூச்சிச் செல் மூன்றுமே வளர்ந்தன. 2001 பிப்ரவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவர் தொடங்கிய வேவ் பயோடெக் நிறுவனத்தின் ஆடும் மேடைகள் ஆய்வகங்களில் சட்டென்று பரவின. முதலில் இவை பெரிய எவர்சில்வர் தொட்டிக்கு விதைச் செல்களைப் பெருக்கிக் கொடுக்கும் நாற்றங்கால் வேலையைச் செய்தன. பத்துப் பதினைந்து குடுவைகளைத் திறந்து ஊற்றிய இடத்தில் இப்போது ஒரே பை போதும். 2007இல் ஜி.இ. ஹெல்த்கேர் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

அலைக்கும் எல்லை உண்டு. திரவம் ஆழமாகிவிட்டால் அலை அடிவரை புரளாது. ஆழத்தைக் கூட்டாமல் கொள்ளளவைக் கூட்டினால் பை நீளமாகிக்கொண்டே போகும். அரை டன் எடையை நாள்கணக்கில் சாய்த்து நிமிர்த்தும் மேடைக்கு மோட்டாரும் தரையும் தாங்க வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் லிட்டருக்கு மீண்டும் சுழல் தகட்டிடமே போக வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் கென்டக்கி மாநிலத்தின் லெக்ஸிங்டனிலிருந்து ஒரு விந்தையான விடை வந்தது. அலெக்சாண்டர் டெரென்டியேவ் என்ற கண்டுபிடிப்பாளர் கலக்கியைக் காந்தத்தால் அந்தரத்தில் நிறுத்தினார். 1987இல் கண்டறியப்பட்ட இட்ரியம்-பேரியம்-செம்பு-ஆக்சைடு என்ற மீக்கடத்தி, திரவ நைட்ரஜனின் குளிரிலேயே வேலை செய்யும் தன்மை கொண்டது. காந்தத்தின் அருகில் வைத்து அதைக் குளிர்வித்தால், காந்தப் புலக் கோடுகள் அதற்குள் சிக்கிக்கொள்ளும். பிறகு அந்தக் காந்தம் விலகவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது. குறிப்பிட்ட இடைவெளியில் பூட்டுப்போட்டதுபோல் மிதக்கும். டெரென்டியேவ் காந்தம் பொருத்திய சுழலியைப் பைக்குள்ளேயும், குளிர்ந்த மீக்கடத்தியைப் பைக்கு வெளியே அடியிலேயும் வைத்தார். வெளியே இருப்பதைச் சுழற்றினால் உள்ளே இருப்பது சுழலும். நடுவில் வெற்றிடக் காப்பு இருப்பதால் மருந்துத் திரவம் உறையாது. சுழலி எதையும் தொடாததால் பிளாஸ்டிக் தேய்ந்து தூளாகி மருந்தில் கலக்கும் பயமும் இல்லை. இந்தக் கருத்தைத் தொழிலாக்கிய லெவ்டெக் நிறுவனத்தை 2008இல் ஏ.டி.எம்.ஐ. என்ற நிறுவனம் வாங்கியது.

கேட்க மாயாஜாலம்போல் இருந்தாலும், அவருடைய காப்புரிமைகளைப் படித்தால் அவரை அதிகம் படுத்தியது ஒரு எளிய விஷயம் என்று தெரிகிறது: பை மெத்தென்று இருக்கிறது. மடித்து வந்த பையைத் தொட்டிக்குள் விரித்தால் சுழலி எங்கோ ஒரு மடிப்புக்குள் கிடக்கும். வெளியே இருக்கும் காந்தத்தின் நேர்மேலே அதைக் கொண்டுவந்து நிறுத்துவது பெரும்பாடு. அதற்காகப் பையின் அடியில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தட்டை உருக்கி ஒட்டி, சுழலி உட்காரும் இடத்தை அதிலேயே வடித்தார். அந்தத் தட்டு வெளியே உள்ள கருவியோடு கச்சிதமாகப் பொருந்தும். பிறகு காற்றைக் குமிழியாக விடும் துளைத்தட்டையும், சென்சார் செருகும் உறையையும் அந்தக் கெட்டிப் பகுதிக்கே கொண்டுவந்தார். கலக்குவது, காற்றூட்டுவது, அளப்பது என்ற மூன்று வேலையும் பையின் அடியில் ஒரே இடத்தில் சேர்ந்தன.

மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். ஹைக்ளோன், பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையை முன்பே பொருத்தி, எவர்சில்வர் தண்டை அந்த உறைக்குள் இறக்கியது. தண்டு சுழலும், திரவத்தைத் தொடாது. பாரிஷ் கலிஹர் தொடங்கிய எக்ஸெல்லெரெக்ஸ், அடியிலிருந்து காந்தத்தால் சுழற்றும் முறையைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனது. 2000களின் முடிவில் 2,000 லிட்டர் பை சாதாரணமாகிவிட்டது.

கலக்கும் பிரச்சினை ஒருவாறு தீர்ந்தது. அளக்கும் பிரச்சினை அதைவிடப் பிடிவாதமானது.

செல் வளர்ப்பில் இரண்டை ஓயாமல் கவனிக்க வேண்டும்: திரவத்தில் கரைந்த ஆக்சிஜன், அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். முதலாவதை அளக்கும் மின்முனையை 1950களில் ஓஹையோவில் லேலண்ட் கிளார்க் உருவாக்கினார். பிளாட்டினத்தின் மேல் மெல்லிய பாலித்தீன் சவ்வைப் போர்த்தி, ஆக்சிஜன் மட்டும் ஊடுருவச் செய்த எளிய கருவி. பி.எச். அளக்கும் கண்ணாடி மின்முனை அதைவிடப் பழையது. 1930களில் கலிஃபோர்னியாவில் ஆர்னால்டு பெக்மன் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க உருவாக்கிய மீட்டரோடு அது உலகெங்கும் பரவியது. எவர்சில்வர் தொட்டியில் இவற்றைப் பக்கவாட்டுத் துளையில் செருகி, தொட்டியோடு சேர்த்து நீராவியில் வேகவைத்துவிடலாம். பைக்கு அது ஆகாது. கண்ணாடி மின்முனை ஈரத்திலேயே இருக்க வேண்டும். பையோ மாதக்கணக்கில் காய்ந்து, மடிந்து, கிடங்கில் கிடக்கும். ஆட்டோகிளேவில் வேகவைத்த மின்முனையைத் தனியாகக் கொண்டுவந்து பையில் இணைக்கலாம்; செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். ஆனால் அந்த இணைப்பு மறுபடியும் ஒரு வாசல்.

துளை இல்லாமல் பிளாஸ்டிக்கைக் கடந்து போகக்கூடியது ஒளிதான். 1930களிலேயே ஜெர்மனியில் ஹான்ஸ் கௌட்ஸ்கி, சில சாயங்களின் ஒளிர்வை ஆக்சிஜன் அணைத்துவிடுகிறது என்று கண்டிருந்தார். நீல ஒளியைப் பாய்ச்சினால் சாயம் சிவப்பாக ஒளிரும். பக்கத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு இருந்தால் அந்த ஆற்றலை அது பறித்துக்கொள்ளும், ஒளிர்வு மங்கும். மங்கும் அளவைப் பார்த்து ஆக்சிஜனைச் சொல்லலாம். ஆனால் சாயம் நாளாக ஆக வெளுத்தாலும் ஒளி மங்கும். எது ஆக்சிஜனால், எது வெளுப்பால் என்று பிரிப்பது எப்படி? ஒளியின் அளவை விட்டுவிட்டு, ஒளிர்வு எத்தனை நேரம் நீடிக்கிறது என்று அளந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். வெளுத்த சாயத்திலும் மிச்சமிருக்கும் மூலக்கூறு அதே நேரக் கணக்கில்தான் ஒளிரும்.

மேரிலேண்டின் பால்டிமோரில் இந்த வழியைச் செல் வளர்ப்புக்குக் கொண்டுவந்ததில் கோவிந்த் ராவ் முக்கியமானவர், சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் படித்தவர். விலையுயர்ந்த லேசருக்குப் பதில் மலிவான எல்.இ.டி. விளக்குகளை வைத்தே அளக்கலாம் என்று அவருடைய குழு காட்டியது. நாணயத்தைவிடச் சிறிய சாயப் பொட்டு ஒன்றைப் பையின் உள்சுவரில் ஒட்டிவிடுவார்கள். வெளியே இருந்து ஒளியிழை அதைப் படிக்கும். சுவரில் துளை கிடையாது. கிளார்க்கின் மின்முனை அளக்கும்போதே ஆக்சிஜனைத் தின்னும்; இந்தப் பொட்டு தின்பதில்லை. சிறிய பைகளுக்கு அதுவும் ஒரு லாபம். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் 1997இல் தொடங்கிய பிரீசென்ஸ் நிறுவனமும் இதே வழியில் வந்தது.

இதே முறையில் பி.எச். அளக்கும் பொட்டு இவ்வளவு சமத்தாக நடந்துகொள்ளவில்லை. காமா கதிர் பட்டால் சாயத்தின் குணம் கொஞ்சம் மாறும். அடிக்கடி ஒளி பாய்ச்சினால் கணக்கு நகரும். நடுநிலையைச் சுற்றிய குறுகிய எல்லைக்குள்தான் நம்பகமாகச் சொல்லும். எனவே பையிலிருந்து மாதிரி எடுத்து, மேசைமேல் உள்ள மீட்டரில் சோதித்து, பொட்டின் கணக்கைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பையின் சுவரே எதிரியாகவும் மாறும். 2013இல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவன ஆய்வாளர்கள், சில பைகளில் வைத்த திரவத்தில் செல்கள் வளர மறுப்பதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பாஸ்பைட்டு, காமா கதிர் பட்டுச் சிதைந்து, செல்லுக்கு நஞ்சான ஒரு பாஸ்பேட்டைத் திரவத்தில் கசியவிட்டது. கிருமியைக் கொல்லப் பாய்ச்சிய கதிரே நஞ்சைப் பிறப்பித்திருந்தது. அதன்பிறகு படலத்தில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்பதையும் மருந்து நிறுவனங்கள் துருவித் துருவிக் கேட்கத் தொடங்கின.

பை எல்லா ஆபத்தையும் தடுக்கும் என்பதும் இல்லை. 2009 ஜூனில் பாஸ்டனில் ஜென்சைம் நிறுவனத்தின் ஆல்ஸ்டன் ஆலையில் வெசிவைரஸ் 2117 என்ற கிருமி கண்டுபிடிக்கப்பட்டு உற்பத்தி நின்றது. கோஷே, ஃபேப்ரி என்ற அரிய பரம்பரை நோய்களுக்கான மருந்துகள் உலகெங்கும் தட்டுப்பாடாயின. நோயாளிகள் அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்ள நேர்ந்தது. வைரஸ் செல்லுக்குக் கொடுத்த ஊட்டப்பொருள் வழியாக வந்திருக்கலாம் என்று நிறுவனம் கருதியது. அப்படி வருவதைப் பையும் தடுக்காது. ஆனால் பை என்றால் அதை எரித்துவிட்டு அடுத்ததைப் பிரிக்கலாம். எவர்சில்வர் ஆலையிலோ தொட்டி, குழாய், வால்வு ஒவ்வொன்றிலும் கிருமி நீக்க வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் மருந்துக்குக் காத்திருப்பவருக்கு அது சிறிய வேறுபாடு அல்ல.

சிறிய பைகள் பெரிய தொட்டிகளோடு போட்டிபோட முடிந்ததற்கு உண்மையான காரணம் பையில் மட்டும் இல்லை, செல்லிலும் இருக்கிறது. 1980களின் நடுவில் ஒரு லிட்டர் வளர்ப்பில் கிடைத்த புரதம் 50 மில்லிகிராம் அளவில்தான். 2004 வாக்கில் அது 5 கிராமை நெருங்கியது. ஏறக்குறைய நூறு மடங்கு. முன்பு பத்தாயிரம் லிட்டர் தொட்டிகள் பல சேர்ந்து தந்ததை இரண்டாயிரம் லிட்டர் பை ஒன்றே தந்துவிடும் நிலை வந்தது. பாக்டீரியாவுக்கும் ஈஸ்டுக்கும் இது பொருந்தாது. அவை வேகமாக வளர்ந்து வெப்பத்தைக் கொட்டும். பெரிய அளவில் பிளாஸ்டிக் சுவர் வழியே அதை வெளியேற்றுவது கடினம். இன்சுலின் இன்னும் எவர்சில்வரில்தான் விளைகிறது.

கணக்கின் மறுபக்கம் குப்பை. பல அடுக்குப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வது கடினம், பெரும்பாலும் எரிக்கிறார்கள். தண்ணீரும் நீராவியும் மிச்சமாவதால் மொத்தச் சுற்றுச்சூழல் சுமை குறைவு என்று சொல்லும் ஆய்வுகளை நடத்தியவர்களில் பை விற்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தக் கணக்கை வேறு யாராவது போட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு கணக்கு 2021இல் நம் நாட்டிலேயே வெளிப்பட்டது. தன் கொரோனா தடுப்பூசிக்கான பொருள்களுக்கு முன்னுரிமை தர அமெரிக்கா தன் பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைப் பயன்படுத்தியபோது, புணேயின் சீரம் நிறுவனத் தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலா தட்டுப்பாட்டுப் பட்டியலில் பைகளையும் வடிகட்டிகளையும் குறிப்பிட்டுச் சொன்னார். அந்த ஏப்ரலில், மூலப்பொருள் ஏற்றுமதியைத் தடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அதிபரையே விளித்து ட்விட்டரில் வேண்டுகோள் வைத்தார். எவர்சில்வர் தொட்டியை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு விற்றவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பைக்கோ ஒவ்வொரு உற்பத்திக்கும் அவர் வாசலில் நிற்க வேண்டும்.

பையை நாமே செய்வதற்குத் தேவையான அறிவு இந்தியாவுக்கு அந்நியமானது அல்ல. மருத்துவப் பொருள்களைக் காமா கதிரால் தூய்மைப்படுத்தும் ஐசோமெட் நிலையம் மும்பையின் டிராம்பேயில் 1974இலேயே வந்துவிட்டது. ரத்தப் பை செய்யும் நுட்பத்தைத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்ரா நிறுவனம் 1980களில் உருவாக்கித் தொழிலுக்குக் கொடுத்தது. அந்த ஊரிலேயே அது ஆலையாக வளர்ந்தது. உலகுக்கே தடுப்பூசி தரும் நாடு, அந்தத் தடுப்பூசி விளையும் பையையும் அதன் சுழலியையும் சென்சாரையும் தன் ஆய்வகங்களிலிருந்தே பெற வேண்டும். அதற்கான பணத்தை அடுத்த தொற்று வரும்வரை ஒத்திப்போடக் கூடாது.